கல்லாப்பெட்டிக்குப் பின்னால் ஒரு நாவலாசிரியர்

நாவல் எழுதுவோர் அன்றாடம் என்ன செய்கின்றனர் என்பதை அறிவதில் வாசகர்களுக்கு என்றுமே ஆவல் உண்டு. அவரிடம் என்ன கார் இருக்கிறது, சமையலறைக்குள் நுழைவாரா, கேக் செய்யத் தெரியுமா, மாலை வேளைகளில் யாருடன் உரையாடுவார் என்றெல்லாம் பேட்டி காண்போர் வினவுவதை வார இதழ்களில் நாம் பார்க்கிறோம். இவற்றை வெறும் அரட்டை என்று தள்ளிவிட இயலாது. ஒருவருடைய நாவல் எங்கிருந்து பிறக்கிறது என்னும் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி இத்தகைய சிறு செய்திகளில்தான் அடங்கியிருக்கிறது.

வங்கியில் பணிபுரியும் எங்களுக்கு இதில் வேறோர் அக்கறையும் உண்டு. பணி ஓய்வு பெற்று, ஓய்வூதியக் கணக்கைத் தொடங்கவும் பணிக்கொடைத் தொகையை வைப்பு நிதியில் இடவும் கிளைக்கு வரும் வாடிக்கையாளர்களுடன் நாங்கள் அடிக்கடி உரையாடுகிறோம். "இனிமேல்தான் எழுதத் தொடங்க வேண்டும்", "இனிமேல்தான் வீணை கற்க வேண்டும்" என்று அவர்களில் பலர் கூறுவதுண்டு. முப்பது ஆண்டுகளாக ஒத்திவைத்த ஆசை சிலருக்குக் கைகூடுகிறது. பலருக்குக் கைகூடுவதில்லை. கண் மங்குகிறது, முழங்கால் வலிக்கிறது, பேரக் குழந்தைகளைக் கவனிக்க வேறு ஊருக்குச் செல்ல நேர்கிறது. வேலை முடிந்த பிறகே ஆர்வத்துக்கு இடம் என்று எண்ணியதன் விளைவு இது. அவ்வெண்ணம் எவ்வளவு சரியானது என்பதை ஆராய நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. திருவனந்தபுரம் நகரமே போதும்.

மலையாளம் ஆட்சி செய்யும் இந்நகரில் தமிழும் நெடுங்காலமாக வீட்டு மொழியாகவும் வணிக மொழியாகவும் வாழ்ந்து வருகிறது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டுடன் இணைந்தன. தலைநகரமான திருவனந்தபுரம் கேரளத்தில் இருந்தது. இங்கேயே வாழ்ந்த தமிழர்களுள் சிலர் தமிழ் நாவலுக்கு மறக்க இயலாத நூல்களை அளித்தனர். அவர்களுள் எவரும் முழுநேர எழுத்தாளர் அல்லர். ஒருவர் கடை வைத்திருந்தார். ஒருவர் மின்வாரியப் பொறியாளர். ஒருவர் கல்லூரி ஆசிரியர்.

சாலைக் கடைத்தெரு

கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கிச் செல்லும் சாலைக் கடைத்தெரு, திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாசரால் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கப்பட்டது. அரிசி, மளிகை, காய்கறி, வெல்லம், கயிறு, பூசைப் பொருள், நகை, பாத்திரம் என ஒரு குடும்பத்துக்குத் தேவையான யாவும் அத்தெருவில் கிடைக்கும். தமிழ் வணிகர்கள் பலர் தலைமுறை தலைமுறையாக அங்குத் தொழில் செய்து வந்துள்ளனர். அத்தெருவில் பாத்திரக் கடை நடத்தியவர்களுள் ஒருவர்தான் நாவலாசிரியர் ஆ. மாதவன்.

மாதவன் 1934இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். பள்ளியில் அவர் பயின்றது மலையாள வழிக் கல்வி. தமிழை அவர் கற்றது பெரும்பாலும் இதழ்களையும் நூல்களையும் வாசித்துத் தாமே பெற்ற பயிற்சியால்தான். பள்ளிப் படிப்புக்குப் பின் அவருக்குக் கிடைத்தது கடைவாழ்க்கை. இவ்விரு செய்திகளையும் ஒரு விண்ணப்பப் படிவத்தில் எழுதினால், தமிழில் நாவல் எழுதத் தகுதியானவர் என்று எவரும் அவரைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். ஆயினும் "புனலும் மணலும்", "கிருஷ்ணப்பருந்து", "தூவானம்" ஆகிய நாவல்களும் ஏராளமான சிறுகதைகளும் அவர் கையிலிருந்து பிறந்தன. அவருடைய கதைத் தொகுப்பு ஒன்றின் பெயரே "கடைத்தெருக் கதைகள்" என்பதாகும்.

கடை அவருக்கு என்ன தந்தது என்பதை வணிகம் அறிந்தவர்கள் எளிதில் உணரலாம். பாத்திரக் கடை என்பது காய்கறிக் கடை போல ஓயாமல் இயங்குவதன்று. வருகின்ற வாடிக்கையாளர் சிலரே. வந்தவர் நெடுநேரம் இருப்பார். நிலவிளக்கு, உருளி, குடம், அண்டா என ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, எடை கேட்டு, விலை பேசி, திருமணத்துக்கா, புதுமனை புகுதலுக்கா, பிள்ளைப் பேற்றுக்கா என்பதையும் சொல்லிவிட்டுத்தான் வாங்குவார். பழைய பித்தளையைக் கொண்டுவந்து எடைக்குப் போடும் குடும்பத்தின் நெருக்கடியைக் கடைக்காரர் கேட்காமலேயே புரிந்துகொள்வார். இரண்டு வாடிக்கையாளர்களுக்கு இடையே உள்ள நேரத்தில் அவர் முன்னே தெரு ஓடிக்கொண்டிருக்கும். சுமை தூக்குவோர், வண்டிக்காரர், சில்லறைத் திருடர், உடலை விற்றுப் பிழைக்கும் பெண்கள், தெருநாய், காளை என எல்லாம் அதில் அடக்கம்.

மாதவனின் கதைகளில் நாம் காண்பவர்கள் இவர்களே. அரண்மனையும் கோவிலும் அருகிலேயே இருந்தபோதும் அவர் எழுதியது கடைத்தெருவின் கடைசிப் படியில் நிற்பவர்களைப் பற்றித்தான். அவர்களை அவர் உயர்த்தியும் பேசவில்லை, இகழ்ந்தும் பேசவில்லை. தினமும் பார்க்கும் முகங்களைப் பற்றி எழுதுபவருக்கு மிகைப்படுத்த இயலாது. மறுநாள் காலை அதே முகத்தைக் கடை வாசலில் சந்திக்க வேண்டுமல்லவா? விமர்சகர்கள் அவரைக் கடைத்தெருவின் கதைசொல்லி என்று அழைப்பது இதனால்தான். தமிழும் மலையாளமும் கலந்த சாலைப் பேச்சையும் அவர் அப்படியே காதில் வாங்கிக் கதையில் வைத்தார். அத்தகைய பேச்சை நூலகத்தில் அமர்ந்து கற்க முடியாது.

1974இல் வெளிவந்த "புனலும் மணலும்" ஆற்றில் மணல் அள்ளிப் பிழைக்கும் தொழிலாளரைப் பற்றியது. ஆற்று மணல் கொள்ளை குறித்து நாம் இன்று கவலையோடு பேசுகிறோம். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, ஆற்றையும் அதை நம்பி வாழும் ஒரு குடும்பத்தின் கசப்பையும் சேர்த்து அந்நாவல் காட்டியது. அப்போது மாதவனுக்கு 40 வயது. அதன் பின்னர் வந்த "கிருஷ்ணப்பருந்து" அவருடைய புகழ்பெற்ற நாவல். இவ்விரு நூல்களுக்கும் இடையே உள்ள ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பார்த்தால், கடை அவரிடமிருந்து எவ்வளவு நேரத்தை எடுத்துக்கொண்டிருக்கும் என்பதையும் நாம் ஊகிக்கலாம். தொழில் கொடுக்கவும் செய்கிறது, எடுத்துக்கொள்ளவும் செய்கிறது. மாதவன் கொடுத்ததைப் பயன்படுத்திக்கொண்டார். எடுத்துக்கொண்டதைப் பற்றிய குறையிலேயே வாழ்நாளைக் கழிக்கவில்லை.

அவருக்கு இன்னுமோர் ஈடுபாடு மொழிபெயர்ப்பு. பள்ளியில் கற்ற மலையாளம் அதற்குப் பயன்பட்டது. பி.கே. பாலகிருஷ்ணனின் "இனி ஞான் உறங்கட்டே", மலையாற்றூர் ராமகிருஷ்ணனின் "யக்ஷி" முதலிய நாவல்கள் அவர் வழியாகவே தமிழுக்கு வந்தன. தமிழ் படிக்காத பள்ளிப் படிப்பு ஒரு குறை என்று எண்ணியிருந்தால், இம்மொழிபெயர்ப்புகள் நமக்குக் கிடைத்திரா. 2015ஆம் ஆண்டு "இலக்கியச் சுவடுகள்" என்னும் கட்டுரை நூலுக்காக அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது வழங்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 81. விருதுத் தொகை 1 லட்சம் ரூபாய். அவர் 2021 ஜனவரி 5 அன்று மறைந்தார்.

மின்வாரியமும் வகுப்பறையும்

1938இல் திருவனந்தபுரத்தில் பிறந்த நீல. பத்மநாபன் பொறியியல் பயின்று கேரள மாநில மின்வாரியத்தில் பணியாற்றியவர். பொறியாளரின் நாள் எப்படிப்பட்டது என்பதை விளக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் மின்தடை, கோடையில் பற்றாக்குறை, கோப்புகள், இடமாற்றம், மேலதிகாரி, தொழிற்சங்கம் என அது ஓயாத வேலை. அவ்வேலையிலிருந்தபடியே 1968இல் "தலைமுறைகள்" நாவலை அவர் வெளியிட்டார். இரணியலைச் சேர்ந்த செட்டியார் சமூகத்தின் குடும்ப வாழ்க்கையை, அவர்களுடைய பேச்சு வழக்கிலேயே கூறும் நூல் அது. பாட்டியின் கதைகள், சடங்குகள், உறவு முறைகள், ஒரு பெண்ணுக்கு இழைக்கப்படும் அநீதி ஆகியவை அதில் வருகின்றன. க.நா. சுப்ரமண்யம் அந்நாவலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 2010இல் "மகிழ்ச்சி" என்னும் திரைப்படம் அதனைத் தழுவி வந்தது.

அடுத்து 1970இல் வந்த "பள்ளிகொண்டபுரம்" இந்நகரையே கதைக்களமாகக் கொண்டது. அனந்தன் நாயர் என்னும் மனிதர் நகரின் தெருக்களிலும் கோவிலிலும் நடந்தவாறே தம் வாழ்க்கையின் தோல்வியை நினைத்துப் பார்க்கிறார். பத்மநாப சுவாமி அறிதுயில் கொண்டிருக்கும் ஊர் என்பதே தலைப்பின் பொருள். ஒரு நகரை அதன் சந்துபொந்துகள் வரை அறிந்தவரால் மட்டுமே எழுதக்கூடிய நாவல் இது. தாம் பணிபுரிந்த துறையையும் அவர் ஒதுக்கவில்லை. "மின் உலகம்" என்னும் நாவல் அத்துறை சார்ந்த வாழ்க்கையிலிருந்து உருவானது. அலுவலகம் என்பது எழுத்துக்குப் பொருந்தாத வறண்ட இடம் என்று கருதுவோர் இந்நூற்பெயரை நினைவில் கொள்ளலாம். "இலை உதிர் காலம்" நாவலுக்காக 2007இல் அவர் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். முதுமையைப் பற்றிய அந்நூல் அவர் பணி ஓய்வுக்குப் பின் எழுதப்பட்டது. ஆயினும் ஓய்வுக்குப் பிறகு அவர் எழுதத் தொடங்கவில்லை. தொடர்ந்தார் என்பதே உண்மை.

மூன்றாமவர் நகுலன். டி.கே. துரைசாமி என்பது இயற்பெயர். 1921இல் கும்பகோணத்தில் பிறந்து, இளமையிலேயே திருவனந்தபுரத்துக்கு வந்து, மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தார். திருமணம் செய்துகொள்ளாதவர். படிப்பதும், நண்பர்களுடன் உரையாடுவதும், குறிப்புகள் எழுதுவதுமே அவருடைய அன்றாடம். அவர் நாவல்களும் அதே உருவில் அமைந்தன. "நினைவுப்பாதை", "நாய்கள்", "நவீனன் டைரி" ஆகியவற்றில் பெரிய நிகழ்ச்சிகள் இல்லை. ஓர் எழுத்தாளன் நண்பர்களுடன் பேசுகிறான், தனியே சிந்திக்கிறான், நாட்குறிப்பு எழுதுகிறான். 1968இல் "குருக்ஷேத்திரம்" என்னும் தொகுப்பு நூலைத் தொகுத்து, தம் காலத்து எழுத்தாளர் பலரையும் ஒரே நூலில் கொண்டுவந்தார். அவருக்கு வாசகர் எண்ணிக்கை என்றுமே பெரிதாக இருந்ததில்லை. மாதச் சம்பளம் இருந்ததால், வாசகர் எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படாமல் தாம் விரும்பியவாறே எழுத அவரால் முடிந்தது என்று நாம் கருதலாம். 2007இல் மறையும்வரை அவர் இந்நகரிலேயே வாழ்ந்தார்.

கோப்பும் கேலிச்சித்திரமும்

மாதவன் மொழிபெயர்த்த "யக்ஷி"யின் ஆசிரியர் மலையாற்றூர் ராமகிருஷ்ணனும் இவ்வரிசையில் சேர்பவரே. 1927இல் பிறந்த அவர் இந்திய ஆட்சிப் பணி அதிகாரி, கேலிச்சித்திரமும் வரைவார். கேரளத்தில் வாழும் தமிழ் அந்தணக் குடும்பம் ஒன்றின் கதையான "வேருகள்" அவருடைய புகழ்பெற்ற மலையாள நாவல். அரசு நிர்வாகத்தின் உட்புறத்தைக் காட்டும் "யந்திரம்" என்ற நாவலும் அவர் எழுதியதே. கோப்புகளில் கையெழுத்திட்ட கைதான் அதனை எழுதியது. பாத்திரக் கடைக்காரர் ஒருவர் ஆட்சிப் பணி அதிகாரியின் நாவலை மொழிபெயர்த்தார் என்பது இந்நகரின் இலக்கிய வாழ்க்கை எத்தகையது என்பதைக் காட்டுகிறது.

பிற நாட்டு நாவலாசிரியர்களைப் பார்த்தாலும் இதே நிலைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிரொலோப் அஞ்சல் துறை அதிகாரி. அந்நாட்டில் தெருவோர அஞ்சல் பெட்டி அறிமுகமானதில் அவருக்குப் பங்குண்டு. அதிகாலை ஐந்தரை மணிக்கு மேசையில் அமர்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்து, கால் மணிக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் எழுதிவிட்டு அலுவலகம் செல்வார். அவர் எழுதிய நாவல்கள் 47. துப்பறியும் நாவல்களால் உலகப் புகழ் பெற்ற அகதா கிறிஸ்டி, முதல் உலகப் போரின்போது மருத்துவமனை மருந்தகத்தில் பணியாற்றினார். நஞ்சுகளைப் பற்றிய அறிவு அங்குதான் அவருக்குக் கிடைத்தது. 1920இல் வெளிவந்த அவருடைய முதல் நாவலிலேயே கொலைக் கருவி நஞ்சுதான். கதையொன்றைத் தொடராக வெளியிட நாளிதழ் அளித்த 500 பவுனைக் கொண்டு அவர் மாரிஸ் கௌலி கார் வாங்கினார். தம் வாழ்வில் பெருமகிழ்ச்சி தந்த இரு நிகழ்ச்சிகளாக, அக்காரை வாங்கியதையும் பிற்காலத்தில் அரண்மனையில் அரசியாருடன் உணவருந்தியதையும் அவர் தம் வரலாற்றில் குறிப்பிடுகிறார். எழுத்து தந்த பணத்தில் வாங்கிய பொருளுக்குத் தனி மதிப்பு உண்டு போலும்.

இல்லத்தரசி ஒருவரின் தொழிற்கூடம்

அலுவலகமும் கடையும் இல்லாதவர் என்ன செய்வார் என்ற கேள்வி எழலாம். இதற்கு விடை ராஜம் கிருஷ்ணன். 1925இல் முசிறியில் பிறந்து, பதினைந்து வயதில் திருமணம் செய்துவைக்கப்பட்டவர். முறையான கல்வி மிகக் குறைவு. கணவர் மின் பொறியாளர் என்பதால் அடிக்கடி இடம்மாற நேர்ந்தது. இடமாற்றம் குடும்பத்துக்குத் தொல்லை என்பதை வங்கி ஊழியர்களாகிய நாங்கள் நன்கு அறிவோம். ராஜம் கிருஷ்ணன் அதனைத் தம் ஆய்வுப் பயணமாக்கினார். நீலகிரியில் வாழ்ந்தபோது அங்குள்ள படகர் வாழ்க்கையைக் கண்டு எழுதியது "குறிஞ்சித் தேன்". பின்னர்த் தூத்துக்குடி உப்பளங்களுக்கு நேரில் சென்று, உப்பு வாரும் தொழிலாளருடன் பேசி "கரிப்பு மணிகள்" எழுதினார். மீனவர் வாழ்க்கையை அறிந்து "அலைவாய்க் கரையில்" எழுதினார். 1973இல் "வேருக்கு நீர்" நாவலுக்காகச் சாகித்திய அகாதெமி விருது அவருக்குக் கிடைத்தது.

அவருடைய இறுதிக்காலத்தை எண்ணும்போது நம் நெஞ்சு கனக்கிறது. அவருக்குக் குழந்தைகள் இல்லை. கணவர் மறைந்த பின், நம்பியவர்களிடம் தம் பணத்தை இழந்து, முதியோர் இல்லம் ஒன்றில் அவர் தங்க நேர்ந்தது. தமிழ்நாடு அரசு 2009இல், அவர் வாழ்ந்துகொண்டிருந்தபோதே, அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கி உதவித்தொகை அளித்தது. 2014 அக்டோபரில் அவர் காலமானார். உப்பளத் தொழிலாளர் கூலியில் ஏமாற்றப்படுவதைப் பற்றி நாவல் எழுதியவருக்குத் தம் முதுமைக்கான பணத்தைக் காத்துக்கொள்ள இயலாமற்போனது. உலகத்தைக் கூர்ந்து நோக்கும் அறிவும், தம் கணக்கைத் தாமே வைத்துக்கொள்ளும் ஏற்பாடும் வேறு வேறு. இரண்டும் வேண்டும்.

நேரத்துக்கும் பணத்துக்கும் ஓர் ஏற்பாடு

இவர்களுடைய வாழ்க்கையிலிருந்து நம் வாடிக்கையாளர்கள் பெறக்கூடியவை என்ன? முதலாவது, நேரம் குறித்தது. பணத்தை வைப்பில் இட்டுப் பத்து ஆண்டுகள் கழித்து வட்டியுடன் பெறலாம். நேரத்தை அவ்வாறு இட்டு வைக்க எந்த வங்கியிலும் கணக்கு இல்லை. மாதவன் கடையை மூடிய பின் எழுதலாம் என்று காத்திருந்தால், சாலைத் தெருவின் அந்நாளைய முகங்கள் பதிவாகாமலே போயிருக்கும். நாள்தோறும் அரைமணி நேரம் என்பது ஓர் ஆண்டில் 180 மணி நேரத்துக்கும் மேலாகும். எழுத்து மட்டுமன்று, இசை, தோட்டம், தையல், பேக்கரிப் பண்டங்கள் செய்தல், பழைய வாகனங்களைப் பழுதுபார்த்துப் பேணுதல் என எந்த ஆர்வத்துக்கும் இக்கணக்கு பொருந்தும். எல்லோருக்கும் அந்த அரைமணி கிடைத்துவிடாது என்பதையும் நாம் அறிவோம். இரண்டு வேலை பார்ப்பவருக்கும், நோயாளியைப் பேணும் இல்லத்தரசிக்கும் அது அரிது. வீட்டில் உள்ள மற்றவர்கள் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டு அவர்களுக்கு அந்நேரத்தை உண்டாக்கித் தரலாம்.

இரண்டாவது, ஆர்வத்துக்கென்று சிறு தொகையைத் தனியே வைப்பது. குடும்பச் செலவுடன் கலந்துவிட்டால், நூல் வாங்குவதும் வாத்தியம் வாங்குவதும் எப்போதும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். மாதம் 500 ரூபாய் வீதம் தொடர் வைப்பில் செலுத்தினால் ஈராண்டில் அசல் மட்டும் 12,000 ரூபாய் சேரும். ஒரு சமையல் அடுப்புக்கோ, தையல் இயந்திரத்துக்கோ, புத்தக அலமாரிக்கோ அது போதும். ஆர்வத்தையே வருமானமாக மாற்ற விரும்புவோர், இருக்கும் வேலையை விடுமுன் சிறிய அளவில் செய்து பார்ப்பது நல்லது. நாம் மேலே கண்டவர்களுக்கு எழுத்தின் சுதந்திரத்தைக் கொடுத்தது கடையும் சம்பளமுமே.

மூன்றாவது, முதுமையில் பணம் நம் பெயரிலேயே இருக்கவேண்டும் என்பது. வீட்டை விற்றுக் கிடைக்கும் தொகை, பணி ஓய்வுத் தொகை ஆகியவற்றைப் பிறர் கணக்குக்கு மாற்ற வேண்டாம். உதவிக்கு ஒருவரைச் சேர்க்க விரும்பினால், கூட்டுக் கணக்கில் "முதலாமவர் அல்லது எஞ்சியவர்" என்னும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். இம்முறையில் முதலாமவர் உயிருடன் உள்ளவரை அவர் மட்டுமே கணக்கை இயக்குவார். "இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்" என்று எழுதிக்கொடுத்தால், இருவரில் எவரும் முழுத் தொகையையும் எடுக்க இயலும். படிவத்தில் ஒரு கட்டத்தில் இடும் அடையாளம்தான் இவ்வளவு வேறுபாட்டையும் உண்டாக்குகிறது. வெற்றுக் காசோலையில் கையெழுத்திட்டுக் கொடுப்பதும், ஓடிபி எண்ணைச் சொல்வதும் உறவினரிடமும் கூடாது. ஐயம் எழுந்தால் கிளைக்கு வந்து தனியே கேளுங்கள். அதற்குத் தயங்க வேண்டியதில்லை.

நான்காவது, வாரிசு ஏற்பாடு. 2025 நவம்பர் 1 முதல் வைப்புக் கணக்குகளுக்கு நால்வர் வரை நியமனதாரர்களைக் குறிப்பிடலாம். நாமினி என்று வழக்கில் கூறப்படும் நியமனதாரர், தொகையை வங்கியிடமிருந்து பெற்றுக்கொள்பவரே. அது இறுதியில் யாருக்கு உரியது என்பதை உயிலோ வாரிசுச் சட்டமோ தீர்மானிக்கும். நூல் எழுதியவர்களுக்கு இதில் மேலும் ஒரு செய்தி உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் வரை அவருடைய நூல்களுக்கு உரிமை நீடிக்கும். 2021இல் மறைந்த ஒருவரின் நூலுக்கு 2081 முடிய என்பது இதன் பொருள். ஆகவே வீடு, நிலம், நகையுடன் பதிப்புரிமையையும் உயிலில் எழுதுவது அறிவுடைமை. ஒரே ஒரு கவிதைத் தொகுப்பு வெளியிட்டிருப்பவருக்கும் இது பொருந்தும். யாரிடம் அனுமதி கேட்பது என்று தெரியாததாலேயே நல்ல நூல்கள் மறுபதிப்புக் காணாமல் போவதுண்டு.

திருவனந்தபுரத்துக்கு வரும் நம் வாடிக்கையாளர்கள் பத்மநாப சுவாமி கோவிலையும் அருங்காட்சியகத்தையும் காண்பது வழக்கம். நேரமிருப்பின், கோவிலிலிருந்து கிழக்கே சிறிது நடந்து சாலைக் கடைத்தெருவுக்குள்ளும் சென்று வருமாறு கேட்டுக்கொள்கிறோம். பயணத்துக்கு முன்போ பின்போ "கிருஷ்ணப்பருந்து", "பள்ளிகொண்டபுரம்" ஆகியவற்றுள் ஒன்றை வாசித்தால், அத்தெருக்கள் வேறு விதமாகத் தெரியும். தொழில் செய்வோர் தம் கடையையும், பணிபுரிவோர் தம் அலுவலகத்தையும், இல்லத்தரசியர் தம் தெருவையும் அதே கண்ணால் ஒருமுறை பார்க்கலாம். எழுதவேண்டியது அங்கேயே இருக்கக்கூடும். அரைமணி நேரத்தை இன்றே ஒதுக்குவது மட்டும்தான் நம்மிடம் மீதமுள்ள வேலை.